கணினியோடு இணைக்கும் வி.ஆர். ஹெட்செட்: எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

வி.ஆர். ஹெட்செட் வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் போட்டிருக்கும் பிக்சல் எண்ணிக்கையைத்தான். எண் பெரிதாக இருந்தால் நல்லது, சிறிதாக இருந்தால் பழசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனும் அப்படித்தான், ஒரு தாளில் ஹெட்செட் பெயர்களையும் அவற்றின் எண்களையும் எழுதிக்கொண்டு வந்து, "மாமா, இதுல எது பெருசோ அதையே வாங்கிருவோமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, வள்ளியூர்ப் பக்கம் இருக்கும் நமக்கு இந்தப் பொருளைக் கடையில் தலையில் மாட்டிப் பார்த்து வாங்கும் வசதி அநேகமாகக் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டுவருவார், இல்லையென்றால் இணையத்தில் வரவழைப்போம். இரண்டிலுமே பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. அதனால் காசைக் கொடுப்பதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்சல் எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும். படம் எந்த வழியாக ஹெட்செட்டுக்கு வருகிறது, உங்கள் தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது, யாருடைய மென்பொருளை நம்பி ஓடுகிறது: இந்த மூன்றையும்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

கணினி எதற்கு?

வி.ஆர். ஹெட்செட் என்பது முகத்தில் மாட்டிக்கொள்ளும் திரை. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம், அவற்றைப் பெரிதாக்கிக் காட்ட லென்ஸ், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறியும் உணரிகள். சில ஹெட்செட்டுகளில் செல்போனில் இருப்பது போன்ற சிப்பும் பேட்டரியும் உள்ளேயே இருக்கும். அவை தனியாகவே இயங்கும். மற்றவை படம் வரையும் வேலை முழுவதையும் மேஜைக் கணினியிடம் விட்டுவிட்டு, வந்ததைக் காட்ட மட்டும் செய்யும். நாம் பேசப்போவது இவற்றைப் பற்றி. மெட்டா குவெஸ்ட் போன்றவை இரண்டு விதமாகவும் வேலை செய்யும். கணினியோடு இணைத்தும் பயன்படுத்தலாம் என்பதால் அவையும் இந்த ஒப்பீட்டில் வருகின்றன.

ஹெட்செட்டின் வேகம் 90 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 90 தடவை புதுப் படம் வரவேண்டும். ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரம் 11 மில்லிசெகண்ட்தான். அதற்குள் இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று இரண்டையும் வரைந்து முடிக்க வேண்டும். சாதாரணத் திரையில் விளையாடும்போது ஒரு படம் தாமதமானால் லேசாகத் திக்கும், அவ்வளவுதான். ஹெட்செட்டில் தாமதமானால், தலை திரும்பிவிட்டது, எதிரே இருக்கும் உலகம் திரும்பவில்லை என்று மூளை குழம்பும். தலைசுற்றலும் குமட்டலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. தலை அசைவதற்கும் அந்த அசைவு திரையில் தெரிவதற்கும் இடையில் 20 மில்லிசெகண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இதோடு லென்ஸ் வேறு சேர்ந்துகொள்கிறது. லென்ஸ் படத்தை வளைத்துக் காட்டும் என்பதால், கணினி அதை எதிர்ப்பக்கமாக வளைத்து அனுப்ப வேண்டும். அப்படி வளைக்கும்போது நடுப்பகுதி மங்கிவிடாமல் இருக்க, திரையின் அளவைவிடப் பெரிதாகவே வரைந்துகொள்கிறது. 2016 ஏப்ரலில் வந்த எச்டிசி வைவில் கண்ணுக்கு 1080×1200 பிக்சல். ஆனால் கணினி வரைவது 1512×1680. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை! ஆகவே பெட்டியின் மேல் பெரிய எண்ணைப் பார்த்தால், அவ்வளவு சுமை கணினியில் படம் வரையும் நம் கிராபிக்ஸ் கார்டின் தலையில் ஏறப்போகிறது என்றும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒயர் வழியாக வருவது என்ன?

கணினியோடு இணைக்கும் ஹெட்செட்டுகளில் முக்கியமான பிரிவு இதுதான். சில ஹெட்செட்டுகள் டிஸ்பிளேபோர்ட் ஒயரில் செருகுபவை. கிராபிக்ஸ் கார்டிலிருந்து படம் கண்ணுக்குத் தெரிய எதுவும் குறையாமல் வந்து சேரும். 2019-ல் வந்த வால்வு இன்டெக்ஸ், 2020-ல் வந்த எச்பி ரிவெர்ப் ஜி2, பிக்ஸ்கிரீன் பியாண்ட், பைமேக்ஸ் கிரிஸ்டல் எல்லாம் இந்த வகை. குவெஸ்ட் வரிசையோ யுஎஸ்பி ஒயரிலோ வைஃபையிலோ படத்தை வாங்கிக்கொள்வது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இன்டெக்ஸில் கண்ணுக்கு 1440×1600. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து, விநாடிக்கு 90 தடவை, பிக்சலுக்கு 24 பிட் என்று பெருக்கினால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 10 ஜிகாபிட் வரும். அதே ஹெட்செட்டை 144 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 16 ஜிகாபிட். டிஸ்பிளேபோர்ட் 1.4 ஏறக்குறைய 26 ஜிகாபிட் வரை படத்தைச் சுமக்கும். ஆக, தாராளமாக இடம் இருக்கிறது. இப்போது குவெஸ்ட் 3-ஐ எடுங்கள். கண்ணுக்கு 2064×2208. 90 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 ஜிகாபிட் வேண்டும். சாதாரண யுஎஸ்பி 3 போர்ட்டின் கொள்ளளவோ 5 ஜிகாபிட்தான். அதனால் கணினி ஒவ்வொரு படத்தையும் வீடியோவாகச் சுருக்கி, சில நூறு மெகாபிட்டில் அடக்கி அனுப்புகிறது. ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. 200 மெகாபிட்டில் அனுப்பினால் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிய படத்தைத்தான் பார்க்கிறோம்.

இது கண்ணுக்குத் தெரியுமா? காட்சியைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டரில் 2020 டிசம்பரில் வி.ஆர். வசதி வந்தது. அதில் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கிளம்பி, மேற்கே போனால், பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாகக் கடந்து பாபநாசம் அணைக்கு மேலே வந்துவிடலாம். வயல்வெளிக்கு மேலே பறக்கும்வரை ஒயர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பொதிகை மலைச்சரிவு வந்ததும் தெரியும். காடு முழுக்கப் பொடிப்பொடியாக இலை. சுருக்கிய வீடியோவுக்கு இதைவிடக் கஷ்டமான காட்சி கிடையாது. தலையைச் சட்டென்று திருப்பினால் பச்சை முழுவதும் ஒரே திட்டாகத் தெரிந்து, தலை நின்ற பிறகுதான் மரங்கள் பிரிந்து வரும். டிஸ்பிளேபோர்ட் ஹெட்செட்டில் திரும்பும்போதே மரம் மரமாகத் தெரியும். விமானத்தில் உட்கார்ந்தபடி உயரமானி முள்ளைக் குனியாமல் படிக்க முடிகிறதா என்பதும் நல்ல பரிசோதனை. இரவில் பறக்கும்போது வானத்தில் இருட்டு படிப்படியாக இறங்க வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், அதுவும் சுருக்குவதால் வருவதுதான்.

சுருக்கி விரிக்க நேரமும் எடுக்கும். குவெஸ்டைக் கணினியோடு இணைக்கும்போது கூடுதலாகச் சில பத்து மில்லிசெகண்ட் தாமதம் சேர்கிறது. தலையைத் திருப்புவதால் வரும் வித்தியாசத்தை ஹெட்செட்டே கடைசி நேரத்தில் படத்தை நகர்த்திச் சரிசெய்துவிடும், அதனால் தலைசுற்றல் வராது. கை அசைவில்தான் தாமதம் தெரியும். வீட்டு வரைபடத்துக்குள் நடந்து பார்க்க, விமானம் ஓட்ட இது பொருட்டே இல்லை. தாளத்துக்கு ஏற்றபடி வேகமாக வெட்டும் விளையாட்டுகளில் பழகிய கை கண்டுபிடித்துவிடும்.

வைஃபையில் ஓட்டுவது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒயர் இல்லாமல் வி.ஆர். ஓட்ட வேகமான இன்டர்நெட் பிளான் வேண்டும் என்று நினைத்து மாதக் கட்டணத்தைக் கூட்டுகிறார்கள். இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. படம் உங்கள் கணினியிலிருந்து உங்கள் ரவுட்டருக்கு, அங்கிருந்து ஹெட்செட்டுக்குப் போகிறது, வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. தேவைப்படுவது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உள்ள நல்ல ரவுட்டர். அதற்கும் கணினிக்கும் நடுவே லான் ஒயர் இருக்க வேண்டும். நீங்கள் விளையாடும் அறையிலேயே ரவுட்டர் இருக்க வேண்டும். கணினியும் வைஃபை, ஹெட்செட்டும் வைஃபை என்றால் திக்கித் திக்கித்தான் ஓடும்.

ஒயர் காலில் சிக்குகிறதே என்பது எல்லாரும் சொல்லும் குறை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாசாலை உத்தரத்தில் தொட்டில் கட்டவோ ஊஞ்சல் போடவோ இரும்பு வளையம் இருக்கும். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருளும் சிறிய கப்பிகள் விற்கின்றன. அந்த வளையத்தில் ஒன்றை மாட்டி, அதன் வழியாக ஒயரைத் தலைக்கு மேலே கொண்டுவந்துவிட்டால் காலில் சிக்காது. இந்த வளையத்துக்குப் பக்கத்திலேயே மின்விசிறி தொங்கும் வீடாக இருந்தால் மட்டும் செய்யாதீர்கள்.

தலை எங்கே, கை எங்கே?

ஹெட்செட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. முதல் வழி, அறையின் மூலைகளில் உயரத்தில் பேஸ் ஸ்டேஷன் என்ற சிறிய பெட்டிகளை மாட்டுவது. பெட்டிக்குள் ஒரு மோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும். மணப்பாட்டுக் கலங்கரை விளக்கத்தின் ஒளி கடலைத் துடைத்துக்கொண்டு போவதுபோல, கண்ணுக்குத் தெரியாத லேசர் கோடு ஒன்று அறை முழுவதையும் துடைத்துப் போகும். ஹெட்செட்டிலும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலும் பதித்திருக்கும் உணரிகள் ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு எந்தக் கணத்தில் படுகிறது என்று குறித்துக்கொண்டு, நேர வித்தியாசத்தை வைத்துக் கோணத்தையும் இடத்தையும் கணக்கிட்டுவிடும். வைவ், இன்டெக்ஸ், பியாண்ட் எல்லாம் இப்படித்தான்.

இரண்டாவது வழியில் வெளியே எதையும் மாட்ட வேண்டாம். ஹெட்செட்டிலேயே நான்கைந்து கேமரா இருக்கும். அவை சுவரின் மூலை, கதவு நிலை, நாற்காலி விளிம்பு என்று அறையில் இருக்கும் அடையாளங்களைப் பார்த்து, அவை நகர்வதை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிடும். கன்ட்ரோலரில் இருக்கும் சிறு விளக்குகளையும் இதே கேமராக்கள் பார்க்கும். 2019-ல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் எஸ், ரிவெர்ப் ஜி2, குவெஸ்ட் வரிசை, பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 எல்லாம் இந்த வகை.

எது உசத்தி என்று கேட்டால், துல்லியத்தில் பேஸ் ஸ்டேஷன்தான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாலும் எதிர் மூலையில் இருக்கும் பெட்டி பார்த்துக்கொள்ளும். இருட்டிலும் வேலை செய்யும். கேமரா வகையில் கை பார்வைக்கு வெளியே போனதும் அசைவு உணரியை வைத்து ஒரு நொடி ஊகித்து ஓட்டும், அதற்குமேல் கை மிதக்க ஆரம்பிக்கும். ஆனால் வீட்டையும் பார்க்க வேண்டும். பேஸ் ஸ்டேஷனுக்குச் சுவரில் ஆணி அடிக்க வேண்டும், உயரத்தில் இரண்டு பிளக் பாயிண்ட் வேண்டும், பெட்டி ஆடாமல் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இதற்கெல்லாம் வீட்டுக்காரரிடம் பேச வேண்டியிருக்கும். இன்னொரு தொல்லை, கண்ணாடி பதித்த பீரோ. நம் வீடுகளில் படுக்கையறையில் அது இல்லாமல் இருக்காது. லேசர் அதில் பட்டுத் திரும்பினால் ஹெட்செட் குழம்பி, படம் சட்டென்று ஒரு பக்கம் தாவும். ஒரு போர்வையைப் போட்டு பீரோவை மூடிவிட்டால் சரியாகிவிடும். கேமரா வகைக்கு வேறு பிரச்சினை: வெறும் வெள்ளைச் சுவரும் மங்கலான ஒற்றை பல்பும் இருந்தால் பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லாமல் திணறும். சுவரில் இரண்டு காலண்டரை மாட்டி, டியூப்லைட்டைப் போட்டால் தெளிந்துவிடும்.

அறை எவ்வளவு பெரிதாக வேண்டும்? நடந்து விளையாட, வால்வு நிறுவனத்தின் வி.ஆர். மென்பொருளான ஸ்டீம் வி.ஆர். கேட்கும் குறைந்தபட்ச இடம் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், அதாவது ஆறரை அடிக்கு ஐந்தடி. கட்டிலை ஒதுக்கினால் பத்துக்குப் பத்து அறையில் கிடைத்துவிடும். தலைக்கு மேலே விசிறி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்று கையில் கன்ட்ரோலரோடு கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அண்ணாந்து கையை வீசும் விளையாட்டாக இருந்தால் விசிறியை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனை வைத்துக்கொள்வது நல்லது. அதில் இன்னொரு பயனும் உண்டு. காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அதை வைத்து, நாம் எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்று கண்ணை மூடியிருந்தாலும் தெரியும்.

லென்ஸும் கண்ணும்

2016-ல் வந்த ரிஃப்டும் வைவும் தொடங்கி இன்டெக்ஸ், ரிவெர்ப், குவெஸ்ட் 2 வரை ஃப்ரெனெல் லென்ஸ்தான். வட்ட வட்டமாக வரி விழுந்த லென்ஸ். எடை குறைவு, ஆனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் வெளிச்சம் சிதறி கீற்றாகத் தெரியும். நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல். குவெஸ்ட் 3-இலும் பியாண்டிலும் இருப்பது பேன்கேக் லென்ஸ். ஒளியை உள்ளேயே மடித்து அனுப்புவதால் ஹெட்செட் ஒல்லியாகிறது, ஓரம்வரை தெளிவாகத் தெரிகிறது. ஒளியில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும் என்பது குறை. இன்டெக்ஸில் சுருக்காத படம் வந்தாலும் லென்ஸ் பழசு. குவெஸ்ட் 3-இல் சுருக்கிய படம் வந்தாலும் லென்ஸ் புதுசு. எழுத்துப் படிப்பது, வரைபடம் பார்ப்பது போன்ற வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

பிக்சல் எண்ணை ஒப்பிட வேண்டிய இடம் இப்போதுதான் வருகிறது. அதையும் தனியாகப் பார்க்காமல், பார்வையின் அகலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே பிக்சலை அகலமான பார்வையில் பரப்பினால் நெருக்கம் குறைந்துவிடும். அதனால் ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் என்பதுதான் சரியான அளவு. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு ஒரு டிகிரிக்கு 60 பிக்சல் இருந்தால் புள்ளி தெரியாது என்பார்கள். 2016-ல் வந்த ஹெட்செட்டுகளில் பத்துச் சொச்சம்தான். கம்பி வலை போட்ட ஜன்னல் வழியாகப் பார்ப்பதாகவே இருக்கும். குவெஸ்ட் 3-இல் 25. பியாண்டில் 32. பைமேக்ஸ் கிரிஸ்டலில் 35. விமானத்தின் மீட்டர்களைப் படிக்க நினைக்கிறவர் இந்த வரிசையைப் பார்த்தால் போதும். சுற்றிலும் அகலமாகத் தெரிய வேண்டும் என்கிறவருக்கு இன்டெக்ஸின் அகலம் இன்றைக்கும் பிடிக்கும்.

ஓஎல்இடி திரையில் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். எல்சிடியில் அது சாம்பல் நிறம். குகை, விண்வெளி, இரவுக் காட்சிகளில் மட்டும் இந்த வித்தியாசம் பெரிதாகப் படும்.

கண்ணைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரண்டு கருவிழிகளுக்கு நடுவே உள்ள தூரம். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும்போது இதையும் அளப்பார்கள். கேட்டால் சீட்டில் எழுதித் தருவார்கள். இன்டெக்ஸில் 58 முதல் 70 வரை லென்ஸை நகர்த்தலாம். குவெஸ்ட் 2-இலும் 3எஸ்-இலும் 58, 63, 68 என்று மூன்று நிலைகள் மட்டும். ரிஃப்ட் எஸ்-இல் லென்ஸ் நகரவே நகராது. உங்கள் அளவு 70 என்றால் ரிஃப்ட் எஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், தலைவலிதான் மிஞ்சும். கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பியாண்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க இடமே கிடையாது, பவர் லென்ஸைத் தனியாகச் செய்து உள்ளே பொருத்த வேண்டும். மற்றவற்றில் இடம் இருக்கும், ஆனால் கண்ணாடி லென்ஸோடு உரசிக் கீறல் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். இன்டெக்ஸ் 800 கிராம் சொச்சம், குவெஸ்ட் 3 515 கிராம், முதல் பியாண்ட் 127 கிராம். சித்திரை வெயிலில் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு நனைந்து வழியும். துடைக்க வசதியான ரப்பர் உறையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் நேர்மாறு. லென்ஸ் குளிர்ந்திருக்கும், மாட்டியதும் மூச்சுப் பட்டுப் பனி படியும். ஹெட்செட்டை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு மாட்டினால் படியாது.

யாருடைய மென்பொருளில் ஓடுகிறது?

ரிவெர்ப் ஜி2-வின் கதையை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 நவம்பரில் 599 டாலருக்கு வந்தது. கண்ணுக்கு 2160×2160, அப்போதைய இன்டெக்ஸைவிட எவ்வளவோ அதிகம். விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் தேடிப் போய் வாங்கினார்கள். அது ஓடியது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளில். 2023 டிசம்பரில் அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். திரை, லென்ஸ், கேமரா எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, ஆனால் விண்டோஸைப் புதுப்பித்த மறுநாள் ஹெட்செட் வேலை செய்யாது. பிறகு 2025-ல் தனிமனித முயற்சியாக ஒரு டிரைவர் (ஹெட்செட்டையும் விண்டோஸையும் பேசவைக்கும் மென்பொருள்) வெளிவந்து, என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் உயிர் கொடுத்தது. அதைவிட நான்கு ஆண்டு பழைய வைவ் இன்றைக்கும் ஸ்டீம் வி.ஆரில் ஓடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மென்பொருளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும்.

பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 இன்னொரு மாதிரி. 2023 பிப்ரவரியில் வந்தது, கண்ணுக்கு 2000×2040, நல்ல ஓஎல்இடி திரை. 2024 ஆகஸ்டில் சோனி 60 டாலருக்கு ஒரு அடாப்டர் விட்டது, அதை வைத்துக் கணினியில் இணைக்கலாம். படம் சுருக்காமல் டிஸ்பிளேபோர்ட்டில் வருகிறது. ஆனால் பிளேஸ்டேஷனில் கிடைக்கும் எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதலாகப் பிரிந்து தெரியும் படம்), கண் அசைவைப் பின்தொடர்வது, ஹெட்செட்டின் அதிர்வு ஆகியவை கணினியில் வேலை செய்யாது என்று சோனியே சொல்லிவிட்டது. கன்ட்ரோலர்கள் கணினியின் புளூடூத்தில்தான் இணையும். ஐம்பது நூறு ரூபாய் டாங்கிளைக் கணினிக்குப் பின்னால் செருகிவிட்டு, கை ஆடுகிறது என்று ஹெட்செட்டைக் குறை சொல்லக்கூடாது. டாங்கிளை முன்பக்கப் போர்ட்டுக்கோ நீட்டிப்பு ஒயருக்கோ மாற்றினாலே பாதி சரியாகும்.

கணினியும் கரண்டும்

கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் லேப்டாப்தான் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் கிராபிக்ஸ் கார்டு பெயரைவிட முதலில் போர்ட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் இன்டெக்ஸ், பிளேஸ்டேஷன் வி.ஆர்.2, பியாண்ட் எதுவும் ஓடாது. எச்டிஎம்ஐயை டிஸ்பிளேபோர்ட்டாக மாற்றும் அடாப்டரை நம்பி இறங்க வேண்டாம். மினி டிஸ்பிளேபோர்ட், அல்லது டிஸ்பிளேபோர்ட் வசதி உள்ள யுஎஸ்பி-சி இருக்க வேண்டும், அதுவும் கிராபிக்ஸ் கார்டோடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும். சில லேப்டாப்களில் அந்த போர்ட் பிராசஸரோடு சேர்ந்த சின்ன கிராபிக்ஸில் போய் முடியும். அப்படிப்பட்டதில் ஹெட்செட் விழிக்கவே விழிக்காது. லேப்டாப்காரர்களுக்குத் தொல்லை குறைந்தது குவெஸ்ட்தான், அதற்கு யுஎஸ்பி போதும்.

அப்புறம், கரண்ட். வீட்டு இன்வெர்ட்டர் நாலு விசிறியும் விளக்கும் இழுக்கும் அளவுக்குத்தான் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி முழு வேகத்தில் ஓடும்போது அது தாங்காமல் போகலாம். கணினிக்கென்று தனி யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய்ப் படம் கறுத்தால் நின்ற இடத்திலேயே நின்று ஹெட்செட்டைக் கழற்றுங்கள், இருட்டில் ஒயரை மிதித்துத் திரும்ப வேண்டாம்.

எனவே யாருக்கு எது?

விளையாட்டு, படிப்பு, வீட்டு வடிவமைப்பு என்று எல்லாம் கலந்து, ஊருக்கும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றால் குவெஸ்ட் 3. காசு குறைவு என்றால் 3எஸ். லென்ஸ் மட்டும் பழைய ஃப்ரெனெல் வகை. மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் விமானமோ காரோ ஓட்டுகிறவருக்கு டிஸ்பிளேபோர்ட் ஹெட்செட். கார்டு தாங்கினால் கிரிஸ்டல் வகை, அவ்வளவு செலவழிக்க முடியாவிட்டால் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2. பியாண்ட் அருமையான பொருள், ஆனால் முதல் பியாண்டை வாங்குபவரின் முகத்தை ஐபோனில் அளந்து அவருக்கென்றே பஞ்சு செய்து அனுப்பினார்கள், பேஸ் ஸ்டேஷனும் தனியாக வேண்டும். முதல் ஹெட்செட்டாக வேண்டாம் என்பேன். வால்வு 2025 நவம்பரில் ஸ்டீம் ஃப்ரேம் என்ற ஒயர் இல்லாத ஹெட்செட்டை அறிவித்தது. கணினியிலிருந்து படம் வாங்க அதற்கென்றே ஒரு டாங்கிளைச் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. இன்டெக்ஸ் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். என் அக்கா மகன் வைத்திருப்பது எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப், அறையில் கண்ணாடி பீரோ. தாளில் எழுதி வந்ததில் மூன்று பெயர் அப்போதே அடிபட்டுப் போயின.

பழசு வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. லென்ஸை வெயிலுக்கு நேரே காட்டினால் அது வெளிச்சத்தைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும். மேற்கு ஜன்னல் ஓரம் சாயங்காலம் கொஞ்ச நேரம் கிடந்தாலே போதும். அதனால் வாங்கும்போது வெள்ளைப் படத்தைப் போட்டு, மஞ்சள் புள்ளியோ கறுத்த தழும்போ இருக்கிறதா என்று இரண்டு கண்ணிலும் பாருங்கள். பேஸ் ஸ்டேஷன் சேர்த்துக் கொடுத்தால் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள்: முதல் தலைமுறை, வைவிலும் இன்டெக்ஸிலும் வேலை செய்யும், இரண்டாம் தலைமுறை 2016 வைவோடு சேராது. ஓடவிட்டுக் காதை வைத்துப் பாருங்கள், மோட்டார் உராயும் சத்தம் வந்தால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். கடைசியாக, ஒயரைக் கழுத்துப் பக்கம் மடக்கி ஆட்டியபடியே படத்தைக் கவனியுங்கள். ஒரு தடவை அணைந்து எரிந்தாலும் ஒயர் போய்விட்டது என்று அர்த்தம். அந்த மாடலுக்குப் புது ஒயர் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று பார்த்துவிட்டு அதற்கப்புறம் பேரம் பேசுங்கள்.